கோடை விடுமுறையில் ஆய்வுமுறை கற்பது: சான்றிதழ் கோர்ஸா, களப்பணியா?

28.04.2024 | வாசகர் கேள்வி

எம்.ஏ. சமூகவியல் முதலாண்டு முடிகிறது. அடுத்த வருடம் டிசர்டேஷன் இருக்கிறது. மே, ஜூன் இரண்டு மாதமும் சும்மா இருக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். பத்து நாள் ஆன்லைன் "ரிசர்ச் மெத்தடாலஜி" கோர்ஸ் ஒன்றில் ஐயாயிரம் ரூபாய் கட்டிச் சேரச் சொல்கிறார்கள். சான்றிதழ் உண்டு. பிஎச்.டி. சேர இது உதவும் என்கிறார்கள். சேரலாமா?

28.04.2024, இரவு

சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். கச்சாத் தரவைக் கையில் கொடுக்கிறார்களா? தினமும் பயிற்சி எழுதி ஒப்படைக்க வேண்டுமா? அதை யார் திருத்துவார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது பத்து நாள் ஸ்லைடு ஓட்டம்தான். "ஆய்வு என்றால் என்ன, கருதுகோள் என்றால் என்ன" என்பதெல்லாம் உங்கள் முதலாண்டுப் பாடத்திலேயே வந்திருக்கும்.

உலகில் பேர்பெற்ற கோடைப் பள்ளிகள் வேறு வகை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஆன் ஆர்பரில், 1963 முதல் நடப்பது ஒன்று. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1968 முதல் நடப்பது இன்னொன்று. சர்வே தரவைப் பகுத்தாயத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்ற தேவையில் பிறந்தவை இவை. வகுப்பு முடிந்ததும் கணினி முன் உட்கார்ந்து அன்றைய கணக்கை அன்றே போட்டாக வேண்டும். கட்டணம் நம் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த நடைமுறையை இங்கேயே பின்பற்ற முடியும்: காலையில் ஒரு கருத்து, மாலையில் அதே கருத்தில் ஒரு கணக்கு.

இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் நடக்கும் பத்து நாள் ஆய்வுமுறைப் பயிற்சிகள் பிஎச்.டி. மாணவர்களுக்கானவை. பிஎச்.டி.க்குப் பதிவு செய்தபின் நிச்சயம் போங்கள். இப்போது அது உங்களுக்கு இல்லை.

29.04.2024

ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத்தளமான என்.பி.டெல் பற்றிக் கேட்டிருந்தார்கள். பாடம் இலவசம், தேர்வு எழுத 1000 ரூபாய். பருவம் ஜனவரியிலும் ஜூலையிலும்தான் தொடங்கும், மே மாதத்தில் புதிதாக எதுவும் ஆரம்பிக்காது. பழைய வீடியோக்கள் எப்போதும் திறந்தே இருக்கும். மாதிரிக் கணிப்பு (சாம்பிள் எடுப்பது), ரிக்ரஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு) இரண்டை மட்டும் இந்த விடுமுறையில் பார்த்துக்கொண்டு ஜூலையில் தேர்வுக்குப் பதிவு செய்யலாம்.

01.05.2024

இதுவரை கோர்ஸ் பற்றியே பேச்சு போனது. உண்மையில் சொல்ல நினைத்தது வேறு.

விடுமுறையில் மாணவர்களைக் கிராமக் கணக்கெடுப்புக்கு அனுப்பும் வழக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூறு வருடத்துக்கு மேல் பழையது. அங்கே இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் ஒரு வினாப்பட்டியல் தயாரித்து, 1916 வாக்கில், விடுமுறைக்கு ஊர் போகும் மாணவர்களிடம் கொடுத்தார். அவர்கள் எழுதி வந்தவை 1918இல் நூலாயின. இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் எல்லாம் அந்த ஊர்கள்தான். 1936-37இல் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே ஊர்களில் மறுகணக்கெடுப்பு நடத்தினார்கள். பின்னால் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் போனார்கள். விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டுக்கு 1916 முதல் 2008 வரை ஆய்வுத் தொடர்ச்சி இருக்கிறது. நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, பண்ணையாள் முறை எப்படிக் கரைந்தது என்று ஒரே ஊரை வைத்துத் தொண்ணூறு வருடத்துக்குச் சொல்ல முடிகிறது. இத்தகைய தொடர்ச்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அதன் முதல் கண்ணி, விடுமுறைக்கு வீட்டுக்குப் போன மாணவர் எழுதிக்கொண்டு வந்த தாள்கள்.

அதனால் என் பதில் இது. ஐயாயிரத்தைப் பஸ் கட்டணத்துக்கும் நகலுக்கும் வையுங்கள். ஒரு சின்னக் கேள்வியை எடுத்து, ஒரே ஊரில் முதல் அடியிலிருந்து கடைசி அட்டவணை வரை முடியுங்கள்.

03.05.2024

"எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். பழக்கமில்லாதவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். ஊர் என்பது நான்கு வகை எல்லைக்குள் கிடக்கிறது: வருவாய் கிராமம், ஊராட்சி, குக்கிராமம், வாக்குச்சாவடிப் பாகம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 2011 கிராம விவரங்கள் வருவாய் கிராமத்துக்கு. நூறு நாள் வேலைக் கணக்கு ஊராட்சிக்கு. ஒரு ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமங்கள் இருக்கலாம், ஒரே வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் கிடக்கவும் செய்யலாம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து வகுத்தால் வரும் சதவீதத்துக்கு அர்த்தமே இருக்காது. முதல் நாளே எந்த எல்லை என்று நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு (சர்வே எண்வாரி நில விவரம்), அடங்கல் (பயிர்ப் பதிவு), கிராம வரைபடம் மூன்றையும் பார்க்கக் கேளுங்கள். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் கையில் இருக்கட்டும். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு போடலாம், ஆனால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. இன்று போட்டால் ஜூனில்தான் கிடைக்கும், அதனால் இன்றே போடுங்கள். அடங்கலில் பட்டாதாரர் பெயர் இருக்கும், பயிர் வைப்பவர் வேறு ஆளாக இருப்பார். வாய்வழிக் குத்தகையும், விளைச்சலில் பங்கு தரும் வாரமும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதை வீடு வீடாகத்தான் கேட்க வேண்டும்.

பிறகு, வீட்டுப் பட்டியல். வாக்காளர் பட்டியலை வைத்துச் சாம்பிள் எடுப்பவர்கள் உண்டு. திருப்பூருக்குப் போனவர் பெயர் இருக்கும், புதிதாக வந்த மருமகள் பெயர் இருக்காது, ஒரே வீட்டு எண்ணில் மூன்று அடுப்பு எரியும். நீங்களே தெருத்தெருவாக நடந்து எழுதுங்கள். 240 வீட்டு ஊரை இரண்டு பேர் மூன்று நாளில் முடிக்கலாம். குடும்பம் என்பதற்கு ஒரே அளவுகோல் வையுங்கள்: ஒரே சமையல், ஒரு குடும்பம்.

சொந்த ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. உங்கள் தெருவில் தொடங்காதீர்கள். கூட வருகிற உறவினர் "அங்கெல்லாம் எதுக்கு" என்று காட்டாமல் விடும் பகுதிதான் பெரும்பாலும் காலனி. வரைபடத்தில் காலனி இல்லாவிட்டால் அந்த ஆய்வு பாதி ஊரை விட்டுவிட்டது என்று பொருள்.

04.05.2024

இன்று கத்திரி தொடக்கம். காலை 6 முதல் 9, மாலை 5 முதல் 8. நடுப்பகலில் நோட்டைச் சரிபாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் வீட்டில் பிடிக்க முடியாது. பகலில் மட்டும் போனால் உங்கள் சாம்பிளில் முதியவர்கள் மட்டும் நிறைவார்கள்.

07.05.2024

"கைடு 384 பேர் வேண்டும் என்கிறார். ஊரிலேயே 240 வீடுதான்."

இந்த 384 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். மிகப் பெரிய மக்கள்தொகை, எளிய வாய்ப்புத் தேர்வு, 95 சதவீத நம்பிக்கை, 5 சதவீதப் புள்ளிப் பிழை, பாதிக்குப் பாதி என்ற விகிதம்: இத்தனையும் வைத்தால் வரும் எண் அது. 240 வீட்டுக்கு அதைத் திருத்தினால் 148 ஆகும். 60 வீடு மட்டும் எடுத்தால் பிழை ஏறத்தாழ 11 புள்ளி. ஒரு விகிதத்தை நுட்பமாகச் சொல்ல அது போதாது, பெரிய வேறுபாடுகளைக் காட்டப் போதும். அதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிட்டால் எந்தத் தேர்வாளரும் குறை சொல்ல முடியாது. கண்ணில் பட்ட 384 பேரிடம் கூகுள் படிவம் நிரப்பி வாங்குவதைவிட முறைப்படி எடுத்த 60 எவ்வளவோ மேல்.

எடுக்கும் முறை: ஊரில் 180 வீடு, காலனியில் 60 வீடு என்று வையுங்கள். மொத்தமாக நான்கில் ஒன்று எடுத்தால் காலனியில் 15 வீடுதான் வரும், தனியாக எதுவும் சொல்ல முடியாது. அதனால் இரண்டிலும் 30 எடுங்கள். ஊரில் ஆறு வீட்டுக்கு ஒன்று, காலனியில் இரண்டு வீட்டுக்கு ஒன்று. தொடக்க எண்ணைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுங்கள்.

இதில் ஒரு கடன் ஏறிவிடுகிறது. கழிப்பறை உள்ள வீடு ஊரில் 30க்கு 24, காலனியில் 30க்கு 12 என்று வந்தால், கூட்டி 36/60 = 60 சதவீதம் என்று எழுதுவது தவறு. ஊரின் ஒவ்வொரு வீடும் 6 வீட்டுக்கு நிற்கிறது, காலனியில் 2 வீட்டுக்கு. 24×6 = 144, 12×2 = 24, மொத்தம் 168. 240க்கு 168 என்றால் 70 சதவீதம். வெயிட் என்பது இவ்வளவுதான். இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்குத் தேசிய சர்வேயின் வெயிட் புதிராக இருக்காது.

08.05.2024

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எடுக்கலாமா என்ற கேள்விக்கு: கூடாது. வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போங்கள். அப்படியும் பூட்டியிருந்தால் "கிடைக்கவில்லை" என்று பதியுங்கள். பூட்டிய வீடுகள் பெரும்பாலும் வெளியூர் வேலைக்குப் போனவர்களுடையவை. பக்கத்து வீட்டை மாற்றி எடுத்தால் இடம்பெயர்வு உங்கள் தரவிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும்.

12.05.2024

வினாப்பட்டியல். அனுப்பிய படிவத்தைப் பார்த்தேன். 94 கேள்வி இருக்கிறது. 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், பாதியைக் குறையுங்கள். எந்த அட்டவணையில் வரும் என்று சொல்ல முடியாத கேள்வியை முதலில் வெட்டுங்கள்.

"உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். விவசாய வீட்டுக்கு மாத வருமானமே கிடையாது. பயிர்வாரியாகக் கேளுங்கள்: எவ்வளவு நிலம், எத்தனை மூட்டை, மூட்டை எத்தனை கிலோ, எங்கே விற்றது, என்ன விலை. மூட்டையின் எடை ஊருக்கு ஊர் மாறும், அதனால் கிலோவைக் கேட்காமல் விடாதீர்கள். நில அளவும் அப்படித்தான். மேற்கே ஏக்கர், சென்ட். டெல்டாவில் மா, குழி, வேலி: நூறு குழி ஒரு மா, ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், இருபது மா ஒரு வேலி. சொன்ன அலகில் அப்படியே எழுதுங்கள், மாற்றுவதை மாலையில் செய்யலாம்.

கூலிக்கும் இதே கவனம் வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2024-25 நிதியாண்டில் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். வேலையை அளந்து கூலி போடுவதால் கணக்கில் ஏறுவது குறைவாக இருக்கும். பாஸ்புக்கில் வந்த தொகையைக் கேளுங்கள்.

பெண்களின் வேலை பற்றி உங்கள் படிவத்தில் ஒரே கேள்வி, "வேலை செய்கிறீர்களா? ஆம்/இல்லை". இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர் "வீட்லதான் இருக்கேன்" என்று சொல்லிவிடுவார், நீங்களும் "இல்லை" என்று குறிப்பீர்கள். அரசு நடத்தும் தேசியத் தொழிலாளர் சர்வே (பி.எல்.எஃப்.எஸ்.) இதற்காகவே இரண்டு அடுக்கு வைத்திருக்கிறது. வருடத்தின் பெரும்பகுதி என்ன செய்தார் என்பது முதன்மை நிலை. அதற்குமேல் 30 நாளாவது வேறு வேலை செய்தாரா என்பது துணை நிலை. அதில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு: சுயதொழில் 11, கூலியில்லாக் குடும்ப உதவியாளர் 21, வீட்டு வேலை மட்டும் 92, வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரிப்பது போன்றவையும் என்றால் 93. பால் விற்பவர் 92 ஆக முடியாது. நீங்கள் செய்ய வேண்டியது: மாடு, ஆடு, கோழி, தையல், பூக்கட்டுதல், சொந்த வயல், கூலி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, கடந்த 12 மாதத்தில் எத்தனை நாள், பணம் யார் கைக்கு வந்தது என்று கேளுங்கள்.

13.05.2024

நேற்று விட்டது. இப்போது எந்தப் படிவத்தோடு போனாலும் "உரிமைத்தொகைக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள் என்ற வரம்பு இருக்கிறது. ஆகவே பதில்கள் அந்த வரம்புக்குக் கீழே வந்து குவியும். இவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று முகம் சுளிக்காதீர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமோ என்ற பயம் நியாயமானது. "இது அரசுக் கணக்கெடுப்பு இல்லை, இதனால் எதுவும் கிடைக்கவும் கிடைக்காது, நிற்கவும் நிற்காது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். ஆதார் எண்ணைக் கேட்கவே கூடாது. வீட்டுக்கு எண் கொடுத்து, பெயர்ப்பட்டியலைத் தனி நோட்டில் பூட்டி வையுங்கள்.

19.05.2024

"எனக்கு ஊருக்குப் போக வசதி இல்லை, விடுதியில்தான் இருக்கிறேன்" என்றவருக்கு இது.

ஏற்கெனவே எடுத்த தரவில் வேலை செய்யுங்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஐந்தாம் சுற்று, 2019-21. பதிவு செய்து, என்ன ஆய்வு என்று ஒரு பத்தி எழுதி அனுப்பினால் இலவசமாகக் கிடைக்கும். ஆர் மென்பொருளும் இலவசம், விலைக்கு விற்கும் ஸ்டாட்டா மென்பொருளின் கள்ள நகல் தேவையே இல்லை.

முதல் வேலை புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. அச்சில் வந்த ஒரு எண்ணை நீங்களே திரும்பப் பெறுவது. தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம் என்று அறிக்கை சொல்கிறது. அதை எட்டிப் பாருங்கள். எட்டாவிட்டால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று.

வெயிட். வி005 என்ற நெடுவரிசையில் ஆறு தசம இடம் மறைந்திருக்கிறது, பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும்.

மாநிலக் குறியீடு. நான்காம் சுற்றிலும் ஐந்தாம் சுற்றிலும் மாநில வரிசை ஒன்றில்லை. பழைய நிரலை நகலெடுத்தால் வேறு மாநிலத்தைத் தமிழ்நாடு என்று எழுதுவீர்கள். எண்ணை நம்பாமல் பெயர்ச்சீட்டைப் பாருங்கள்.

விடுபட்ட மதிப்பு. உடல் நிறைக் குறியீடு 2145 என்று இருந்தால் 21.45 என்று படிக்க வேண்டும். அதே நெடுவரிசையில் 9998 என்று கிடப்பது அளவு செல்லாது என்பதற்கான குறி. அதை நீக்காவிட்டால் 99.98 குறியீடுள்ள பெண்கள் உங்கள் சராசரியைத் தூக்கிவிடுவார்கள். உங்கள் சொந்தப் படிவத்திலும் "தெரியாது" என்பதற்கு 99 போடாதீர்கள். வயதிலும் கூலியிலும் 99 என்பது மெய்யான பதிலாக வரலாம்.

பிழை வரம்பு கணக்கிட வெயிட் மட்டும் போதாது. கிராமம் அல்லது நகரப் பகுதி என்ற கொத்து, அந்தக் கொத்துகளை எடுக்குமுன் பிரித்த பிரிவான அடுக்கு இரண்டையும் நிரலுக்குச் சொல்ல வேண்டும். இல்லையேல் வேறுபாடே இல்லாத இடத்திலும் வேறுபாடு இருப்பதாகக் காட்டும்.

20.05.2024

தொழிலாளர் சர்வேத் தரவு எடுத்தவர்களுக்கு. புள்ளியியல் அமைச்சகத் தளத்தில் பதிவு செய்தால் கிடைக்கும். கோப்பைத் திறந்ததும் எண்கள் இடைவெளியில்லாமல் ஓடும், பயப்பட வேண்டாம். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எந்தக் கேள்வி என்று தனியாக ஒரு எக்செல் கோப்பு இருக்கும். வெயிட்டுக்கு இரண்டு படி: கோப்பில் என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்ற இரண்டு நெடுவரிசையின் எண்ணும் சமமென்றால் பெருக்கி (மல்டிப்ளையர்) என்ற நெடுவரிசையின் எண்ணை 100ஆல் வகுங்கள், சமமில்லையென்றால் 200ஆல். பிறகு காலாண்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். இரண்டாம் படியை விட்டால் நாட்டின் மக்கள்தொகை நான்கு மடங்கு ஆகும். அதனாலேயே மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பது முதல் சோதனை.

12ஆம் தேதிக் குறிப்பை இதோடு சேர்த்துப் படியுங்கள். 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் வேலை செய்கிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் இருவரையும் சேர்த்த பங்கேற்பு விகிதம் 2017-18இல் 23.3, 2022-23இல் 37.0 சதவீதம். உயர்வின் பெரும்பகுதி சுயதொழிலிலும் கூலியில்லா உதவியிலும் வந்தது. வேலை பெருகியதா, முன்பு 92இல் விழுந்தவர்களைக் கேள்வி கேட்பவர் இப்போது 21இல் பதிகிறாரா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. இருபது வீட்டில் நீங்களே கேட்டுப் பார்த்திருந்தால் அந்த விவாதத்தில் உங்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கும்.

26.05.2024

குடும்ப வன்முறை பற்றி ஆய்வேடு எழுத நினைப்பவர் கவனத்துக்கு. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அந்தக் கேள்விகள் எல்லாப் பெண்களிடமும் கேட்கப்படவில்லை. 'மாநிலத் தொகுதி' என்ற கூடுதல் கேள்விகளுக்கு ஒதுக்கிய 15 சதவீத வீடுகளில், வீட்டுக்கு ஒரே ஒரு பெண்ணிடம், தனிமை கிடைத்தால் மட்டும். அதற்கு வெயிட் வி005 கிடையாது, டி005. இதைப் பார்க்காமல் எழுதிய ஆய்வேடுகள் நிறைய. தனிமை கிடைக்காததால் விடுபட்டவர்கள் யார் என்பதையும் ஒரு பத்தி யோசியுங்கள்.

இதே தலைப்பில் நேரடியாகக் களத்துக்குப் போக முதலாண்டு மாணவரை நான் அனுப்பமாட்டேன். கேட்டபின் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதற்கு ஏற்பாடு இல்லாமல் கேட்கக்கூடாது.

02.06.2024

நேர்காணல் பதிவு. ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், நாலு பேர் சேர்ந்து பேசினால் இன்னும் கூடும். எட்டு நேர்காணலுக்கு மேல் திட்டமிடாதீர்கள். அன்றைய பதிவை அன்றிரவே எழுதத் தொடங்குங்கள். கையசைத்ததும் குரல் தாழ்ந்ததும் நினைவில் இருக்கும்போதுதான் எழுத முடியும். வட்டார வழக்கை நூல் தமிழாகத் திருத்தாதீர்கள். செல்பேசியின் தானியங்கி எழுத்தாக்கம் வட்டாரப் பேச்சில் தடுமாறும், ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் அது எழுதியபடி நம்பவே கூடாது.

20.06.2024

நேற்று இரவு யு.ஜி.சி. நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித்) தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். 18ஆம் தேதி ஒன்பது லட்சம் பேருக்கு மேல் எழுதியது. வெகுதூரம் பயணம் செய்து எழுதியவர்கள் இங்கே நிறையப் பேர், வருத்தமாக இருக்கிறது. இந்த முறையிலிருந்து பிஎச்.டி. சேர்க்கைக்கும் அந்த மதிப்பெண்ணே என்பதால் அடி பெரிது: ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம்.

முதல் கேள்வியின் மிச்சத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. அந்தக் கணக்கில் பத்து நாள் சான்றிதழுக்கு மதிப்பெண் இல்லை. நேர்காணலில் "எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள்" என்று கேட்கும்போது விடுமுறையில் செய்த வேலை பேசும். மறுதேர்வு அறிவிக்கும்வரை முதல் தாளின் ஆய்வுத்திறன், தரவு விளக்கம் பகுதிகளைப் பாருங்கள். வெயிட், சாம்பிள் பற்றி இங்கே பேசியவை அங்கே நேராகப் பயன்படும்.

23.06.2024

கேள்வி கேட்டவரிடமிருந்து செய்தி: 60இல் 53 வீடு முடிந்தது, 4 வீடு பூட்டு, 3 வீடு மறுப்பு. நன்று. அந்த ஏழையும் ஆய்வேட்டில் எழுதுங்கள், ஊரில் எத்தனை, காலனியில் எத்தனை என்று பிரித்து. வெயிட்டையும் மாற்றியாக வேண்டும்: ஊரில் 30க்கு 25 தான் கிடைத்தது என்றால் 180/25 = 7.2, காலனியில் 28 என்றால் 60/28 = 2.14. வினாப்பட்டியலைக் கேட்ட தமிழிலேயே பிற்சேர்க்கையில் வையுங்கள். எக்செல் கோப்பின் ஒரு நகலைத் தொடாமல் தனியே வைத்து, திருத்தங்களை இன்னொன்றில் தேதியோடு செய்யுங்கள். கல்லூரி திறக்கும் முன் முதல் மூன்று அட்டவணை போட்டு இங்கே இடுங்கள், ஊர் பெயர் வேண்டாம்.